வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன ஆசிரியை

காலை மணி அடித்து, வகுப்பில் வருகைப் பதிவேடு திறக்கப்படுகிறது. ஒவ்வொரு பெயராக அழைக்கிறார் ஆசிரியர். ஒரு பெயருக்கு மட்டும் நான்கு நாட்களாகப் பதில் இல்லை. அந்தப் பிள்ளை காலனியிலிருந்து வருவது. கரும்பு வெட்டப் போன தாய் தகப்பனோடு அதுவும் போயிருக்கலாம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தவன் சாதியைச் சொல்லிக் கேலி செய்த ஒரு வார்த்தை அதைத் தடுத்திருக்கலாம். பதிவேட்டில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவது ஒரு வழி. மாலையில் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நிற்பது இன்னொரு வழி.

பாலசமுத்திரமாக இருந்தாலும், பழனியைச் சுற்றியுள்ள வேறு எந்த ஊராக இருந்தாலும், காலனிப் பிள்ளைகள் பலரின் படிப்பு இந்த இரண்டு வழிகளுக்கு நடுவில்தான் தீர்மானமாகிறது. சட்டம் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டது. புத்தகமும் சீருடையும் மிதிவண்டியும் உதவித்தொகையும் வந்துவிட்டன. ஆனாலும் இன்று வந்த பிள்ளை நாளைக்கும் வருமா என்பது, ஆசிரியரின் அன்றாடப் பழக்கத்தைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. அந்தப் பழக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நாம் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சாவித்திரிபாய் பூலே.

அவர் படத்தைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறோம். இந்தியாவின் முதல் பெண் ஆசிரியர்களில் ஒருவர் என்று ஒரு வரி சொல்லி, மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் எப்படிப்பட்ட ஆசிரியராக இருந்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு நாள் துணிச்சலாக நடந்துகொண்டவர்கள் உலகில் பலர் உண்டு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தத் துணிச்சலை அன்றாட வேலையாகவே செய்தவர்கள் குறைவு. சாவித்திரிபாய் அந்தக் குறைவானவர்களில் ஒருவர்.

கற்ற பிறகே கற்பித்தார்

1831 சனவரி 3 அன்று, இன்றைய மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்தில் உள்ள நாய்காவ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பூவும் காய்கறியும் பயிரிடும் மாலி சாதியைச் சேர்ந்த குடும்பம். தீண்டாமைக்கு ஆளான சாதி அல்ல. ஆனால் எழுத்துக்கும் ஏட்டுக்கும் உரிமையற்றதாக மேல்சாதியினரால் ஒதுக்கி வைக்கப்பட்ட சூத்திர சாதி. 1840இல் அவருக்குத் திருமணம் நடந்தபோது வயது ஒன்பது. மணமகன் ஜோதிராவ் பூலேவுக்கு வயது பதின்மூன்று. அன்றைய வழக்கப்படி அந்தச் சிறுமிக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

ஜோதிராவ் புனேயில் ஸ்காட்லாந்து மிஷன் நடத்திய பள்ளியில் படித்தவர். தான் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் மனைவிக்கும், உறவினரான சகுணாபாய்க்கும் சொல்லிக் கொடுத்தார். வயல் வேலைக்கு நடுவில் நடந்த படிப்பு அது. மனைவி படித்தால் கணவன் ஆயுள் குறையும், குடும்பம் கெடும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் வீட்டிலேயே எழுத்துக் கற்றதை ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

வீட்டில் கற்றது போதும், இனி நாமும் நான்கு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று சாவித்திரிபாய் நின்றுவிடவில்லை. கற்பிப்பது ஒரு தொழில், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அகமதுநகரில் அமெரிக்க மிஷனரி சிந்தியா ஃபாரர் நடத்திய நிறுவனத்திலும், புனேயில் மிட்செல் அம்மையார் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் அவர் பயிற்சி பெற்றார். பாடம் தெரிந்திருப்பது வேறு, அதைப் பிள்ளைக்குப் புரிய வைப்பது வேறு என்று இன்றைக்கு ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சொல்லித் தருகிறார்கள். பெண்கள் படிப்பதே குற்றமாகக் கருதப்பட்ட நாளில், ஓர் இளம்பெண் அதைத் தெரிந்து தேடிப் போனார்.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம் இது. ஆசிரியர் என்பவர் முதலில் மாணவர். பணி நியமன ஆணை கைக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறவர், பிள்ளைகளைப் புத்தகம் திறக்கச் சொல்ல முடியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் கிடையாது, தனிப்பயிற்சி வகுப்புக்குப் பணமும் கிடையாது. ஆசிரியர் தயாராகாமல் வரும் நாளில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வேறு எங்காவது கற்றுக்கொள்ளும். காலனிப் பிள்ளைக்கு அந்த நாள் போனது போனதுதான்.

மாற்றுச் சேலையோடு ஒரு நடை

1848இல் புனேயின் புத்வார் பேட்டையில், பிடே என்பவருக்குச் சொந்தமான வீட்டில் பெண் குழந்தைகளுக்கான பள்ளியை இருவரும் தொடங்கினர். அப்போது சாவித்திரிபாய்க்கு வயது பதினேழு. தொடக்கத்தில் வந்த மாணவிகள் பத்துப் பேருக்கும் குறைவு. வாசிப்பு, இலக்கணம், கணக்கு, புவியியல், வரலாறு என்று பாடங்கள் நடந்தன. பெண் குழந்தை படிப்பதே பாவம் என்ற ஊரில், பல சாதிக் குழந்தைகள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்ததைப் புனேயின் பழமைவாதிகளால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

பள்ளிக்கு அவர் நடந்துபோகும் தெருவில் சாணியும் சேறும் அவர்மேல் வந்து விழுந்தன. கல்லும் விழுந்தது. வசைச் சொற்களுக்குக் கணக்கில்லை. அதற்கு அவர் கண்ட ஏற்பாடு மிக எளியது. ஒரு மாற்றுச் சேலையைக் கையோடு எடுத்துப் போனார். பள்ளிக்குப் போனதும் அழுக்கான சேலையை மாற்றிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். திரும்பும்போது மீண்டும் அந்தப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் நடந்தார். அவருக்குத் துணையாகச் சென்றுவந்த பள்ளி ஊழியர் ஒருவர் இந்த நாட்களைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தச் செய்தியை வீரக் கதையாகச் சொல்லிச் சொல்லி, அதற்குள் இருக்கும் தொழில் நுணுக்கத்தை நாம் பார்க்கத் தவறிவிடுகிறோம். சாணி பட்ட சேலையோடு வகுப்பில் நின்றால், பிள்ளைகளின் கண் சேலையின்மேல்தான் இருக்கும். அன்றைய பாடம் பயமாக மாறியிருக்கும். தெருவில் நடந்த அவமானத்தை வகுப்பறை வாசலிலேயே களைந்து வைத்துவிட்டு, சுத்தமான உடையும் தெளிந்த முகமுமாக அவர் பிள்ளைகள் முன் நின்றார். தனக்கு நேர்ந்த வலியைப் பிள்ளைகள்மேல் இறக்கி வைக்கவில்லை.

இன்றைய ஆசிரியர்கள்மேல் சாணி விழுவதில்லை. ஆனால் சுமைகள் உண்டு. பாடம் நடத்துவதோடு கணக்கெடுப்பு, பதிவேற்றம், பயிற்சிக் கூட்டம் என்று வேலைகள் குவிகின்றன. மூன்று வகுப்பை ஒருவரே பார்க்க வேண்டிய பள்ளிகள் உண்டு. அவர்களில் தலித் ஆசிரியர்களுக்கு வேறொரு சுமையும் சேர்கிறது. வாடகைக்கு வீடு கேட்டால் சாதி கேட்கப்படுகிறது, பள்ளியிலேயே சக ஆசிரியர்களின் பேச்சில் அது எட்டிப் பார்க்கிறது. இவற்றை எதிர்த்துச் சங்கமாகக் கூடிப் பேச வேண்டும், போராடவும் வேண்டும். ஆனால் அந்தக் கோபம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைமேல் பாயக் கூடாது. மாற்றுச் சேலை நமக்குச் சொல்வது அதைத்தான்.

வீடு தேடிப் போன கால்கள்

எதிர்ப்பு தெருவோடு நிற்கவில்லை. ஊராரின் நெருக்கடி தாங்காமல் ஜோதிராவின் தந்தை இருவரையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். பள்ளியா, வீடா என்ற நிலை வந்தபோது அவர்கள் பள்ளியைத் தேர்ந்தார்கள். உஸ்மான் ஷேக் என்ற நண்பரின் குடும்பம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அந்த வீட்டைச் சேர்ந்த பாத்திமா ஷேக் சாவித்திரிபாயோடு கல்விப் பணியில் துணை நின்றார். 1856இல் உடல்நலம் குன்றித் தாய்வீட்டில் இருந்த சாவித்திரிபாய், கணவருக்கு எழுதிய கடிதத்தில் பாத்திமாவை நினைத்துக்கொள்கிறார். தான் இல்லாத நேரத்தில் வேலைச் சுமை முழுவதும் அவர்மேல் விழுந்திருக்கும் என்று வருந்துகிறார். உடம்பு சரியில்லாத நாளிலும் சக ஆசிரியரின் பாரத்தை எண்ணிப் பார்த்த மனம் அது.

1851 முடிவதற்குள் பெண்களுக்கான பள்ளிகள் மூன்றாகி, ஏறத்தாழ 150 மாணவிகள் படித்தார்கள். 1852இல் மகர், மாங் ஆகிய தீண்டப்படாத சாதிப் பிள்ளைகளுக்கான பள்ளி நடந்தது. அண்ணல் அம்பேத்கர் பிறந்த சாதி மகர். அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சேரிப் பிள்ளைகள் கையில் சிலேட்டு ஏறிவிட்டது என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தர், கபீர் ஆகியோரோடு ஜோதிராவ் பூலேவையும் அம்பேத்கர் தம் ஆசான்களாகக் கொண்டதன் பின்னணி இது.

பள்ளி திறப்பது எளிது, பிள்ளைகளை அதில் தங்க வைப்பதுதான் கடினம் என்பது அந்த நாளிலும் உண்மை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு குழந்தை பள்ளிக்குப் போனால் அன்றைய வருமானத்தில் குறைவு விழும். பூலே தம்பதி அதைப் புரிந்துகொண்டார்கள். பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் இருக்கச் சிறு உதவித்தொகை கொடுத்தார்கள். வீடுவீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள். படிப்பின் பயனைப் பெற்றோருக்கும் புரிய வைக்காமல் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்த முடியாது என்று கண்டார்கள். 1855இல் பகலில் வேலை செய்யும் உழவர்களுக்கும் கூலிகளுக்கும் இரவுப் பள்ளியும் தொடங்கினார்கள். பள்ளியின் நேரத்துக்கு மக்கள் வர முடியவில்லை என்றால், மக்களின் நேரத்துக்குப் பள்ளி போகட்டும் என்ற எளிய கணக்கு அது.

நம் மாநிலத்தில் 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது. ஆனால் அரசு சோறு போடலாம், தொகை கொடுக்கலாம். வராத பிள்ளையின் வாசலில் நின்று, ஏன் கண்ணு வரல என்று அரசால் கேட்க முடியாது. அதை ஆசிரியர்தான் கேட்க வேண்டும். கிராமத்துத் தாய்க்கு, வாத்தியார் நம் தெருவுக்கு வந்தார், நம் திண்ணையில் உட்கார்ந்தார், நம் வீட்டுத் தண்ணீரைக் குடித்தார் என்பதே ஒரு பெரிய செய்தி. அந்தத் தண்ணீரை வாங்கிக் குடிக்கும் ஆசிரியரின் வகுப்புக்குப் பிள்ளை கட்டாயம் போகும்.

ஒரு மாணவி எழுதிய கட்டுரை

ஆசிரியருக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது? பாராட்டிலிருந்தா? 1852இல் ஆங்கில அரசு புனேயில் விழா எடுத்து, கல்விப் பணிக்காக ஜோதிராவுக்குச் சால்வை அணிவித்தது. பெண் பள்ளிகளின் தேர்வுகள் பொதுவில் நடந்தபோது அவற்றைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். அவையெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு 1855இல் வேறு வடிவில் வந்தது.

அந்தப் பள்ளியில் முக்தா சால்வே என்ற சிறுமி படித்துவந்தாள். மாங் சாதியைச் சேர்ந்தவள். மூன்று ஆண்டுகள் படித்த நிலையில் அவள் ஒரு கட்டுரை எழுதினாள். மாங், மகர் மக்களின் துயரமே அதன் பொருள். 1855இல் மராத்தி இதழான ஞானோதயாவில் அது வெளியானது. தன் மக்களை வேதம் படிக்க விடாத மதம் தன் மக்களுக்கு எப்படிச் சொந்தமாகும் என்ற கேள்வியை அவள் எழுப்பினாள். பெரிய மாளிகைகளின் அஸ்திவாரத்தில் தன் சாதியினர் பலியாகப் புதைக்கப்பட்டதை எழுதினாள். பேறுகாலத்தில் தலைக்குமேல் கூரைகூட இல்லாமல் தவித்த தாய்மாரின் வேதனையை எழுதினாள். தலித் பெண் ஒருவர் எழுதி அச்சேறிய மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சிறுமிக்கு எழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால், மற்றவர் எழுதியதைப் பார்த்து எழுதப் பழகியிருப்பாள். அவள் தன் தெருவை, தன் தாயை, தன் பாட்டனை எழுதினாள். உன் வாழ்க்கை எழுதத் தகுந்தது என்ற நம்பிக்கை அவளுக்கு வகுப்பில் கிடைத்திருக்க வேண்டும். நம் வகுப்புகளில் கட்டுரை என்றால் மழைநீர் சேகரிப்பு, நூலகத்தின் பயன் என்று கையேட்டிலிருந்து எழுதச் சொல்கிறோம். ஒரு நாள், உன் தெருவைப் பற்றி எழுது என்று சொல்லிப் பார்க்கலாம். காலனிக்குக் குடிதண்ணீர் எப்போது வருகிறது, சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, அம்மா எத்தனை மணிக்கு எழுகிறாள் என்று அந்தப் பிள்ளை எழுதும். சோர்ந்துபோன ஆசிரியருக்கு அந்த நோட்டைவிடச் சிறந்த மருந்து வேறு இல்லை.

ஆசிரியரும் எழுத வேண்டும். சாவித்திரிபாய் எழுதினார். 1854இல் அவருடைய கவிதைத் தொகுப்பு வெளியானது. படி, விழித்துக்கொள் என்று ஒடுக்கப்பட்ட மக்களை அழைக்கும் கவிதைகள் அதில் உண்டு. நம் மண்ணிலும், பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய எம்.சி.ராஜா மாணவர்களுக்கான பாடநூல்களை எழுதினார். சென்னை சட்டமன்றத்திலும் பின்னர் மத்திய சட்டமன்றத்திலும் ஒடுக்கப்பட்டோரின் குரலாக அவர் ஒலித்தபோது, அந்தக் குரலுக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் அனுபவம் இருந்தது.

பள்ளிக்கு வெளியே ஆசிரியர்

1857 கிளர்ச்சிக்குப் பின் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடைகள் குறைந்தன. பள்ளிகளின் நிர்வாகத்திலிருந்து ஜோதிராவ் விலகினார். இத்தனை பாடுபட்டு வளர்த்தது கைவிட்டுப் போகிறதே என்று எவரும் உடைந்துபோகும் இடம் அது. சாவித்திரிபாய் ஆசிரியராக இருப்பதை நிறுத்தவில்லை, வகுப்பறை மட்டும் மாறியது.

கைவிடப்பட்ட விதவைகள் பாதுகாப்பாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள அவர்கள் ஒரு காப்பகம் நடத்தினார்கள். அப்படி ஒரு பிராமண விதவை பெற்ற குழந்தையைத் தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்து மருத்துவராக்கினார்கள். 1868இல் தங்கள் வீட்டுக் கிணற்றைத் தீண்டப்படாத மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு நாய்காவில், பிராமண இளைஞன் ஒருவனும் மகர் பெண் ஒருத்தியும் காதலித்ததற்காக ஊரே கூடி அவர்களைக் கொல்லப் பார்த்தபோது, சாவித்திரிபாய் குறுக்கே நின்று இருவரையும் காப்பாற்றி அனுப்பினார். இன்றும் ஆணவக் கொலைச் செய்திகளைப் படிக்கிற நமக்கு அந்தச் சம்பவத்தின் கனம் தெரியும். 1873இல் தொடங்கிய சத்திய சோதக் சமாஜத்தில், புரோகிதர் இல்லாத எளிய திருமணங்களை நடத்துவதில் அவர் முன்னின்றார்.

நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று சொன்ன அந்தக் கொடிய பஞ்சம், 1876இல் தொடங்கித் தென்னிந்தியாவோடு தக்காணத்தையும் சூறையாடியது. அந்த நாட்களில் சாவித்திரிபாய் சத்திய சோதக் தோழர்களோடு கிராமங்களில் நிவாரண வேலை செய்தார். பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு உணவளிக்கும் ஏற்பாடுகளை நடத்தினார். 1890 நவம்பரில் ஜோதிராவ் இறந்தபோது, பெண்கள் இடுகாட்டுக்குப் போகக் கூடாது என்ற வழக்கத்தை மீறி, ஈமச் சட்டியைத் தானே ஏந்தி ஊர்வலத்தின் முன் நடந்தார். அதன் பிறகு இயக்கத்தின் பொறுப்பையும் ஏற்றார்.

நம் மண்ணில் நடந்தது

மராட்டிய மண்ணில் நடந்ததற்கு நம் பக்கத்திலும் ஒரு தொடர்ச்சி உண்டு. 1892இல் சென்னை மகாசன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கேட்டார். 1894இல் அடையாறில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 25 பிள்ளைகளோடு நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தனாரைக் கோயிலுக்குள் விட மறுத்த ஊர் என்று காலமெல்லாம் பேசப்பட்ட தில்லையிலேயே, அவர் பெயரில் எழுந்த பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்து வெளியேறினார்கள். இன்று தமிழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன.

ஆனாலும் நாம் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனைப் பள்ளியில் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். ஒரே பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகள் அவர்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 சூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கயிறு, பொட்டு கூடாது. மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு இருக்கக் கூடாது. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது.

இவற்றைப் படிக்கும்போது ஒன்று புரிகிறது. இவை யாவும் ஆசிரியரின் அன்றாடப் பழக்கங்கள். யாரை எங்கே உட்கார வைக்கிறோம், எப்படிப் பெயர் சொல்லி அழைக்கிறோம், யாரைக் கூட்டச் சொல்கிறோம், யாரைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறோம் என்பவைதான். எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள் என்று உதவித்தொகைப் படிவம் கொடுக்கும் ஆசிரியர், நல்ல எண்ணத்தோடுதான் அதைச் செய்கிறார். ஆனால் எழுந்து நின்ற பிள்ளைமேல் அந்த நிமிடம் ஒரு முத்திரை குத்தப்படுகிறது. அதே படிவத்தைத் தலைமை ஆசிரியர் அறையில் தனியே அழைத்துக் கொடுக்க ஐந்து நிமிடம்தான் கூடுதலாக ஆகும்.

பழக்கத்தை மாற்றப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. நாளைக்கு எடுக்கப் போகும் பாடத்தை இன்றிரவு ஒரு முறை படிப்பது. மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே போவது. கழிப்பறையையும் வகுப்பையும் சுத்தம் செய்யும் வேலையைச் சாதி பார்த்துப் பிள்ளைகள் தலையில் கட்டாமல் இருப்பது. பின்வரிசையில் வாய் திறக்காத பிள்ளையிடம் நாளுக்கு ஒரு கேள்வியாவது கேட்பது. மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுவது. மாதத்துக்கு ஒரு நாள் காலனியிலேயே பெற்றோரைச் சந்திப்பது. இதில் எதற்கும் அரசாணை தேவையில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களை ஒதுக்கும் ஆசிரியர் இருந்தால் அதை வீட்டில் சொல்லுங்கள், பயப்படாமல் எழுதிக் கொடுங்கள். உங்களுக்காக மெனக்கெடும் ஆசிரியர் இருந்தால், அவர் ஓய்வுபெற்ற பிறகும் தேடிப் போய்ப் பாருங்கள். உங்களில் பலர் நாளை ஆசிரியர் ஆகப் போகிறவர்கள். அப்போது உங்கள் வகுப்புக்கு முதல் தலைமுறைப் பிள்ளை ஒன்று வந்து உட்காரும். அதன் முகத்தில் உங்கள் பழைய முகத்தைப் பார்க்க மறவாதீர்கள்.

முதுகில் சுமந்த பிள்ளை

1896இல் மும்பையில் தொடங்கிய பிளேக் நோய் புனேயையும் பிடித்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். மருத்துவராக இருந்த மகன் யஷ்வந்த், நோயாளிகளுக்காக ஊருக்கு வெளியே ஒரு சிகிச்சை இடத்தை நடத்தினார். 66 வயதான சாவித்திரிபாய் அங்கே நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். முந்த்வா என்ற ஊரின் மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயில் விழுந்து கிடக்கிறான் என்று தெரிந்ததும், அவனைத் தூக்கி முதுகில் சுமந்துகொண்டு சிகிச்சை இடத்துக்கு நடந்தார். அந்தத் தொற்று அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று அவர் இறந்தார்.

1848இல் எந்தப் பிள்ளைகளைத் தேடி வீதியில் நடக்கத் தொடங்கினாரோ, அதே மக்களின் பிள்ளை ஒன்றைச் சுமந்துதான் அவர் கடைசியாக நடந்தார். 2014இல் புனே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அது அவருக்குத் தகுந்த மரியாதைதான். ஆனால் பிள்ளை வராத வீட்டின் வாசலில் ஓர் ஆசிரியர் போய் நிற்கும் ஒவ்வொரு மாலையிலும் அதைவிடப் பெரிய மரியாதை அவருக்குச் செய்யப்படுகிறது என்றே நாம் நம்புகிறோம்.